பண்டிகைக்கு யார் கணக்குப்பிள்ளை?

தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். விமானம் அப்படி. ஆனால் கண்ணைக் கொஞ்சம் இறக்கி அடித்தளத்தைப் பார்த்தால், வரிவரியாக எழுத்து ஓடும். முதல்முறை பார்ப்பவருக்கு ஏதோ ராஜாவின் பெருமை எழுதியிருக்கிறது என்று தோன்றும். பெருமையும் உண்டுதான். அதைத் தாண்டி வாசித்தால் அரிசி, பருப்பு, மிளகு, சீரகம், கடுகு, நெய், தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு என்று ஒரு மளிகைக் கணக்கு வரும். எந்தத் திருமேனிக்கு எவ்வளவு படையல், அதற்கு எத்தனை நாழி, எத்தனை உழக்கு, எத்தனை ஆழாக்கு என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. நான்கு நாழி பழவரிசி வேண்டுமானால் எவ்வளவு நெல் எடுக்க வேண்டும் என்பதற்குக்கூட விகிதம் வைத்திருக்கிறார்கள்: ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி.

இந்தக் கல்வெட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு பகுதி. முதலாம் ராஜராஜன் கோவில் வேலைக்கு வைத்தவர்களின் பட்டியல் அது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக 100 கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து இசைக்காரர்கள், கணக்கர்கள், குடை பிடிப்பவர்கள், விளக்கு ஏற்றுபவர்கள், தண்ணீர் தெளிப்பவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர். எல்லோருக்கும் அவரவர் பங்கு எழுதியிருக்கிறது. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதும் உண்டு. நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். அவருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். உறவே இல்லையென்றால், அந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களே தகுதியான ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் துறையில் ஒரு பெரிய விற்பனை நாளுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஆவணம் தயாரிப்போம். எது யார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார், எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று எழுதி வைப்போம். 1010ஐ ஒட்டி இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே கோவிலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீடு. அங்கேயும் பண்டிகை வருகிறது. அங்கேயும் அரிசி, பருப்பு, நெய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு எல்லாம் வேண்டும். கணக்கர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் துலக்குபவர் என்று ஆட்களும் வேண்டும். இத்தனை பேரும் அந்த வீட்டில் ஒரே ஆள்தான். அவளுக்கு நிவந்தம் எழுதிய கல்வெட்டு கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை.

பண்டிகை நாளில் நம் அம்மாக்களுக்கு ஏன் அத்தனை படபடப்பு, ஏன் அத்தனை எரிச்சல் என்ற கேள்விக்கு அவரவர் குணத்தில் விடை தேடுவது வழக்கம். "அம்மாவுக்கு டென்ஷன் ஜாஸ்தி." எனக்கு இது வரலாற்றில் தேட வேண்டிய விடை என்று தோன்றுகிறது. பண்டிகையை எப்படித் திட்டமிடுவது என்பது இந்த ஊருக்கு ஆயிரம் வருஷமாகத் தெரியும். அந்த அறிவு ஏன் வீட்டுக்குள் வரவில்லை, வந்தபோது யாருடைய கைகளை நம்பி வந்தது, அந்தக் கைகள் எப்போது விலகின என்பதுதான் கதை.

*

டெல்டாவின் பண்டிகை வரிசை தண்ணீரோடு சேர்ந்தே ஓடுகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12 அணை திறக்கும் வழக்கமான நாளாயிற்று. தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து ஆறு நிறையும்போது ஆடிப் பதினெட்டு. கலந்த சாதம், காதோலை கருகமணி, பிள்ளைகள் இழுக்கும் சப்பரம். அங்கே பிடித்தால் மூச்சு விட முடியாது. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசியில் சனிக்கிழமைகளும் கொலுவும், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் விளக்கு, மார்கழியில் தினம் விடியும் முன் வாசல் கோலம், திருவாதிரைக் களி, தையில் பொங்கல். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. நாகூரில் கந்தூரி. அந்த ஊர்களில் உறவுக்காரர் வந்து தங்கும் வீடுகளில் அடுப்பு அணையாது. எந்த மதமானாலும் அடுப்பு முன்னால் நிற்பவர் ஒருவரேதான்.

இந்த வரிசையைச் சமாளிக்கப் பழைய வீடுகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. பண்டிகை வேலையைப் பண்டிகை மாதத்தில் செய்வதில்லை. மாசியில் தொடங்கி சித்திரை வரை வெயில் காயும்போதே வருஷத்துக்கான புளியைக் கொட்டை எடுத்து ஜாடியில் அடைப்பது, மிளகாய் காயவைப்பது, பருப்பு உடைப்பது, வடாம் வற்றல் இடுவது, அப்பளம் இடுவது, மாவடு போடுவது என்று முடித்துவிடுவார்கள். நெல் பத்தாயத்தில் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் அடிக்கும் மழையில் எதையும் காயவைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அடை மழையில் தீபாவளி வரும்போது வீட்டில் மூலப்பொருள் எல்லாம் கோடையிலேயே தயாராகி உட்கார்ந்திருக்கும். வேலையை நாள் கணக்கில் பார்க்காமல் வருஷக் கணக்கில் பரப்பி வைத்த முறை அது.

இதைக் கேட்டதும் "அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்று பெருமூச்சு விடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த ஏற்பாடு ஓடியது நிறையக் கைகளால். கூட்டுக் குடும்பத்தில் பட்டியல் மாமியார் தலையில், வேலை மருமகள்கள் கையில். சிறு வயதிலேயே விதவையாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அத்தைகள், பல வீடுகளில் அடுப்பங்கரையிலேயே ஆயுளைக் கழித்தார்கள். அவர்களை யாரும் வேலைக்காரி என்று சொல்லவில்லை, அதனால் கூலியும் கொடுக்கவில்லை. நிலம் உள்ள வீடாக இருந்தால் வாசலுக்கு வெளியே இன்னும் பல கைகள் இருந்தன.

*

கல்வெட்டின் அந்த விகிதத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்து பங்கு நெல் இரண்டு பங்கு அரிசியாக மாற, யாரோ உலக்கை பிடித்திருக்க வேண்டும். நெல் அவிப்பது, காயவைப்பது, குத்துவது, புடைப்பது எல்லாம் நூற்றாண்டுகளாகப் பெண்களின் வேலை. பெரிய பண்ணை வீடுகளில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பண்ணையாள் குடும்பத்துப் பெண்கள்.

1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். தான் இருந்த ஒரு கிராமத்துக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயர் வைத்து அவர் எழுதியவற்றில், நிலம் வைத்திருந்தவர்களுக்கும் அதில் உழைத்தவர்களுக்கும் இடையிலான உறவு விரிவாக வருகிறது. குடும்பம் முழுக்க ஒரு மிராசுதாரைச் சார்ந்து, நெல்லில் கூலி வாங்கி வாழ்ந்த தலித் குடும்பங்களைப் பற்றிய பதிவு அது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே இந்த நிலைமையால்தான்.

இப்போது பயிரின் நாட்காட்டியைப் பண்டிகை நாட்காட்டிமேல் வைத்துப் பாருங்கள். குறுவை அறுவடை புரட்டாசி ஐப்பசியில். தாளடி நடவும் அதே சமயம். நடவு பெண்கள் வேலை. ஆக, தீபாவளி வரும்போது உழைக்கும் வீட்டு அம்மா முதுகு ஒடிய சேற்றில் குனிந்திருப்பாள். சம்பா அறுவடை தையில். பொங்கல் வரும்போது அவள் அரிவாளோடு வயலில் இருப்பாள். பண்ணை வீட்டு அம்மாவுக்கு "இன்னும் முறுக்கு சுத்தலையே" என்பது கவலை. கூலி வீட்டு அம்மாவுக்குப் பொங்கல் பானையில் போட நெல் எப்போது அளப்பார்கள், எவ்வளவு அளப்பார்கள் என்பது கவலை. முதலாமவளின் வேலை குறைந்ததே இரண்டாமவள் வந்து குத்திப் புடைத்துக் கொடுத்ததால்தான். இரண்டாமவளின் வீட்டுப் பண்டிகையை யார் பார்த்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

அந்த நெல் அளவைப் பற்றிய சண்டை எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்ட பிரச்சினையின் தொடர்ச்சியாக, ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்தவர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். இறந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. மறு ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பண்டிகைக் கட்டுரையில் இதை ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்கலாம். தஞ்சாவூரில் பண்டிகை என்றால் நெல். நெல்லை அளந்த கையையும் வாங்கிய கையையும் விட்டுவிட்டு அம்மாக்களின் பண்டிகைச் சுமையைப் பற்றிப் பேசினால் பாதி அம்மாக்களை விட்டுவிட்டதாகிவிடும்.

*

அப்புறம் இயந்திரம் வந்தது. முதலில் ரைஸ் மில். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் டெல்டா ஊர்களில் ஒவ்வொன்றாக மில் முளைத்தது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இதைக் கடுமையாக எதிர்த்தார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். கைக்குத்தல் அரிசியில் சத்து இருக்கிறது என்பது ஒரு வாதம். மில் வந்தால் நெல் குத்திப் பிழைத்தவர்களுக்குக் கூலி போய்விடும் என்பது இன்னொரு வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் கூலி வாங்காமல் தன் வீட்டுக்காகவே உலக்கை பிடித்தவளை நிறுத்திக் கேட்டிருந்தால், மில்லே வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பின்னாலேயே மாவு மில், கேஸ் அடுப்பு, பிரஷர் குக்கர், மிக்ஸி, கோயம்புத்தூரின் வெட் கிரைண்டர். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த பல லட்சம் பெண்களின் தோள்பட்டைக்கு ஓய்வு கிடைத்தது. இலவசம் என்று அதைக் கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் ஒருநாளாவது இட்லிக்கு ஆட்டியிருப்பார்கள் என்று தெரியாது.

இத்தனை வந்தபிறகு பண்டிகை வேலை பாதியாகக் குறைந்திருக்க வேண்டுமே? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதே கேள்வியை அவர்கள் ஊரை வைத்துக் கேட்டார். 1983இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே 'அம்மாவுக்கு இன்னும் வேலை' என்கிற பொருளில்தான் இருக்கும். அவர் கண்டது இது: இயந்திரங்கள் வீட்டில் மற்றவர்கள் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டன. விறகு பிளந்தது அப்பா, தண்ணீர் சுமந்தது பிள்ளைகள். அடுப்பும் குழாயும் மாறியதும் அவர்கள் விடுதலையானார்கள். வீட்டில் வேலைக்கு இருந்தவர்களும் போனார்கள். எஞ்சியது எல்லாம் அம்மா தலையில். கூடவே, துணி இன்னும் வெள்ளையாக, சாப்பாடு இன்னும் வகையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பும் ஏறியது.

டெல்டாவுக்கு இது அப்படியே பொருந்தும். கேஸ் வந்தபின் விறகு பிளக்க ஆள் வேண்டாம். மில் வந்தபின் நெல்லை வண்டியில் ஏற்றிப் போனவரோடு அந்த வேலை முடிந்தது. பண்ணையாள் முறை போனது, போகவேண்டியதுதான். கூட்டுக் குடும்பம் உடைந்தது, அதிலும் பல மருமகள்கள் தப்பித்தார்கள். ஆனால் பண்டிகையின் பட்டியல் மட்டும் சுருங்கவில்லை. ஏழெட்டுக் கைகளுக்காக உருவான பட்டியல் அப்படியே இரண்டு கைகளிடம் வந்து சேர்ந்தது. அதிரசம், முறுக்கு, சீடை, வாசல் நிறையக் கோலம், நாட்டுக்காய் எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு, எல்லாம் அப்படியே. அவள் இப்போது பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ வேலைக்கும் போகிறாள்.

*

பட்டியலை எழுதி வைக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை மராத்திய அரண்மனைச் சமையல் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று மராத்தியில் ஏட்டில் ஏறியது. அது சரஸ்வதி மகாலில் இருக்கிறது. ஆனால் அது ராஜா சாப்பாடு, அரண்மனைச் சமையற்காரர்களின் வேலை. வீட்டுப் பெண்ணுக்காக அளவு போட்டு எழுதிய புத்தகத்தில் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்தது 1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. ஒரு தலைமுறைப் பெண்களோடு அது கல்யாணச் சீராகவே பயணம் போனது. மாமியார் பக்கத்தில் நின்று சொல்லித் தராத ஊரில், டெல்லியிலோ பம்பாயிலோ, ஒரு பெண் தனியாகக் குழம்பு வைக்க அது போதுமானதாக இருந்தது. தலையில் மட்டும் இருந்த அளவுகள் தாளுக்கு வந்தது பெரிய மாற்றம்.

ஆனால் அதிலும் ஒன்று விட்டுப்போனது. எவ்வளவு என்பது தாளுக்கு வந்தது, யார் என்பது வரவில்லை. சமையல் புத்தகத்தில் எழுவாய் எப்போதும் மறைந்தே இருக்கும். "பருப்பை வேகவைத்துக்கொள்ளவும்." யார் வேகவைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பெரிய கோவில் கல்வெட்டில் ஆழாக்கும் உண்டு, ஆள் பெயரும் உண்டு.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த மறைந்த எழுவாயை எண்ணிப் பார்த்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றன்று சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! இது சாதாரண நாட்களையும் சேர்த்த சராசரி. போகிக்கு முதல் நாள் எவ்வளவு என்று நீங்களே உங்கள் வீட்டில் எண்ணிக்கொள்ளலாம். அதிலும் நிமிடக் கணக்கில் பிடிபடுவது கை செய்யும் வேலை. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே "வெல்லம் வாங்கியாச்சா, பெரியம்மாவுக்குப் புடவை எடுத்தாச்சா, மஞ்சக் கொத்து யார்கிட்ட சொல்றது" என்று மனசுக்குள் ஓடுவதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. தகுதி வரம்புக்குள் வரும் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு. தொகை சிறியது. ஆனால் அந்த 'உரிமை' என்ற சொல்லை நான் கவனிக்கிறேன். வீட்டில் நடப்பதும் வேலைதான் என்று அரசு தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோவில் விளக்கேற்றியவருக்கு எழுதிய வரிக்கு, வீட்டு விளக்கேற்றியவள் இவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறாள்.

*

மிச்சம் நம் கையில். வரலாற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துவரக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, பட்டியலை அம்மா தலையிலிருந்து வெளியே எடுப்பது. அவள் தனியாக உட்கார்ந்து எழுதினால் அது அவளுக்கு இன்னொரு வேலை. எல்லோரும் உட்கார்ந்து அவளைக் கேட்டு எழுத வேண்டும். முதல் தடவை எழுதும்போது எத்தனை வரி வருகிறது என்று பார்த்தாலே பாதிப் பேருக்குப் பேச்சு வராது.

இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பது உதவி மாதிரி தெரியும். ஆனால் நினைவு வைத்துக்கொள்வது, சொல்வது, செய்தாயா என்று கேட்பது எல்லாம் அப்போதும் அவளுடையதே. கரும்பு ஒருவர் பொறுப்பு என்றால், எப்போது வாங்குவது, எங்கே நிறுத்தி வைப்பது, சாப்பிட்ட சக்கையை யார் பெருக்குவது வரை அவரே. குடை பிடித்தவரிடம் யாரும் தினமும் வந்து "குடை பிடிச்சியா" என்று கேட்டிருக்க மாட்டார்கள். மாற்று ஆள் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, பத்தாயக் காலத்துப் புத்தி. துணி எடுப்பது, பொடி அரைப்பது, பரண் ஒழிப்பது, பித்தளைப் பாத்திரம் தேய்ப்பது இதற்கெல்லாம் பண்டிகை வாரம் தேவையில்லை. மார்கழி முதல் வாரத்திலேயே முடியும். வாங்கக் கிடைப்பதை வாங்கலாம், குற்றமில்லை. ஆனால் வீட்டில் முறுக்கு சுற்றித் தரும் பெண்ணுக்கும், பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கும் வீட்டில் பொங்கல் உண்டு. அவருக்குக் கூலியும் போனஸும் லீவும் பட்டியலில் தனி வரியாக வர வேண்டும். நம் வீட்டு அம்மாவுக்கு வேலை குறைய இன்னொரு வீட்டு அம்மா பொங்கலன்று நம் வாசலில் நிற்பது பழைய கதையின் தொடர்ச்சிதான்.

நான்காவது, சிலதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது. எதை அடிப்பது என்று அம்மாவே சொல்லட்டும். அதிரசம் அவளுக்குப் பிடித்துச் செய்வதாக இருக்கலாம். கோலம் அவளுடைய அரை மணி நேர நிம்மதியாக இருக்கலாம். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு பாத்திரத்தை மட்டும் அவளுக்கு விட்டுவைத்தால் அது பகிர்வு ஆகாது.

பொங்கல் நான்கு நாள். போகிக்குக் குப்பை ஒழித்து வீடு கழுவுவது, பெரும்பொங்கலுக்குப் பானை, அடுப்பு, படையல், மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் கணுப்பிடிக்கு மஞ்சள் இலையும் கலந்த சாதமும், காணும் பொங்கலுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தாம்பூலமும். எண்ணிப் பார்த்தால் சாதாரண வீட்டிலேயே முப்பது நாற்பது வேலை தேறும். இந்த வருஷம் ஒரு தாளை எடுத்து அத்தனையையும் எழுதி, எதிரே பெயர் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அம்மா பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.